வளாக ஒளிப்படங்களின் உட்பொருளும் படக்குறிப்பின் இலக்கணமும்

கல்வி நிறுவனங்களின் ஆண்டுமலர்களிலும் நூற்றாண்டு விழாத் தொகுப்புகளிலும் வளாக வாழ்வின் அன்றாடக் காட்சிகள் ஒளிப்படங்களாக இடம்பெறுவது வழக்கம். மரத்தடியில் அமர்ந்து படிக்கும் மாணவியர், வகுப்பு முடிந்தபின் வெறிச்சோடிக் கிடக்கும் நடைவழி, மிதிவண்டிக் கொட்டகை, தேநீர்க் கடை வாசலில் கூடி நிற்கும் ஆய்வு மாணவர்கள், பாதி அழிக்கப்பட்ட கரும்பலகை ஆகியவை இவ்வகைப் படங்களில் மீண்டும் மீண்டும் காணப்படும் பொருள்கள். பக்கத்தை நிரப்பும் அணிகளாக மட்டும் இவற்றைக் கருதாமல், இவற்றில் ‘ஆழ்ந்த பொருள்’ காண முற்படும் கட்டுரைகளும் எழுதப்படுகின்றன. வெறிச்சோடிய நடைவழி நிலையாமையை உணர்த்துகிறது என்றும், சுவரில் சாய்த்து நிறுத்தப்பட்ட மிதிவண்டி விடைபெறுதலின் குறியீடு என்றும், பாதி அழிந்த கரும்பலகை அறிவின் முடிவின்மையைச் சுட்டுகிறது என்றும் அவை கூறுகின்றன.

இவ்விளக்கங்கள் தவறானவை என்று மெய்ப்பிக்க இயலாது. இவற்றின் குறையே அதுதான். நடைவழிப் படத்துக்குக் கூறப்பட்ட நிலையாமை, வண்டி புறப்பட்டுப்போன தொடர்வண்டி நிலையத்தின் படத்துக்கும் அப்படியே பொருந்தும். திருவிழா முடிந்த தெருவுக்கும் பொருந்தும். எந்தப் படத்தின்மீதும் ஏற்றக்கூடிய பொருள் எந்தப் படத்துக்கும் உரிய பொருள் ஆகாது. ஆயினும் வாசகர் அவ்விளக்கங்களைப் படித்து நிறைவு கொள்கின்றனர். படமே அதனைச் சொல்வதாக உணர்கின்றனர். இந்த உணர்வு எங்கிருந்து வருகிறது என்பது குறியியல் வினாவாக மட்டுமின்றி இலக்கண வினாவாகவும் அமைகிறது. படத்தின் கீழ் அச்சிடப்படும் ஒரு வரிக் குறிப்பின் வினை வடிவம் அவ்வுணர்வுக்குப் பெரும்பங்கு காரணமாகிறது என்பதும், தமிழில் அது தனக்கெனச் சில இயல்புகளோடு செயற்படுகிறது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

படமும் சொல்லும் இணைவது பற்றிய சிந்தனை புதியதன்று. வால்ட்டர் பெஞ்சமின் ஒளிப்பட வரலாறு குறித்து 1931இல் எழுதிய கட்டுரையின் இறுதியில், படக்குறிப்பே ஒளிப்படத்தின் இன்றியமையாப் பகுதியாகிவிடுமோ என்ற வினாவை எழுப்பினார். ரோலான் பார்த் 1961இல் வெளிவந்த கட்டுரையில் செய்தி ஒளிப்படத்தைக் குறியமைப்பு அற்ற செய்தி என விளக்கினார். படம் தான் காட்டும் பொருளோடு ஒப்புமையால் இணைவதால், மொழியில் உள்ளது போன்ற இடுகுறித் தொகுதி ஒன்று இடையில் தேவைப்படுவதில்லை என்பது அவர் கருத்து. 1964இல் உணவுப் பண்ட விளம்பரம் ஒன்றை ஆராய்ந்தபோது, பல பொருள் பயக்கவல்ல படத்தை ஒரு பொருளில் நிறுத்திவைக்கும் வேலையைச் சொற்கள் செய்கின்றன என்றார். நங்கூரத்தை வைத்து அவர் அமைத்த அக்கலைச்சொல்லைத் தமிழில் ‘பொருள்நிறுத்தம்’ எனலாம்.

இவர்கள் படக்குறிப்பைச் சொற்களாக நோக்கிய அளவுக்கு, காலமும் எண்ணும் பாலும் உடைய தொடராக நோக்கவில்லை. மொழியியலார் தொடங்கவேண்டிய இடம் இதுவே. ஒளிப்படத்தில் கால இடைநிலை இல்லை. எதிர்மறையும் இல்லை, மாணவர் வரவில்லை என்பதைப் படம் எடுக்க இயலாது, ஆளற்ற இருக்கைகளையே எடுக்க இயலும். ஏவலும் வியங்கோளும் ஐயமும் படத்தில் இல்லை. இவற்றையெல்லாம் குறிப்பே தருகிறது. ஆகவே, குறிப்பு எம்மொழியில் எழுதப்படுகிறதோ அம்மொழியின் இலக்கணம் படத்துக்குள் புகுந்துவிடுகிறது.

செய்யும் என்னும் வாய்பாடு

தமிழில் படக்குறிப்புகள் பெரும்பாலும் இருவகைத் தொடர்களாக அமைகின்றன. முதல் வகை முற்றுவினை கொண்டது: “துணைவேந்தர் புதிய கட்டடத்தைத் திறந்துவைக்கிறார். அருகில் பதிவாளரும் துறைத் தலைவர்களும் உள்ளனர்.” இரண்டாம் வகை பெயரெச்சத்தை அடையாகக் கொண்ட பெயர்த்தொடர்: “மரத்தடியில் படிக்கும் மாணவர்கள்.” அன்றாடக் காட்சிகளுக்கு இரண்டாம் வகையே பெருவழக்கு. அதிலும் செய்த, செய்கிற, செய்யும் என்னும் மூவகைப் பெயரெச்சங்களுள் இறுதியில் உள்ளதே ஏறத்தாழ எப்போதும் தேர்ந்துகொள்ளப்படுகிறது. “மரத்தடியில் படித்த மாணவர்கள்” என்று ஒருவரும் எழுதுவதில்லை. உண்மையில் நிகழ்ந்தது அதுவே ஆயினும் எழுதுவதில்லை.

செய்யும் என்பதன் இயல்பைத் தொல்காப்பியம் தெளிவாக உணர்ந்திருக்கிறது. முக்காலத்திலும் ஒரு தன்மையாக நிகழும் பொருள்களைச் செய்யும் என்னும் பொதுச் சொல்லால் கூறவேண்டும் என்று வினையியல் விதிக்கிறது. மலை நிற்றலையும் ஞாயிறு இயங்குதலையும் உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். மலை நேற்று நின்றது, இன்று நிற்கிறது, நாளையும் நிற்கும். மூன்றையும் ஒருசேரக் கூற மொழி வைத்திருக்கும் வடிவம் இது. இக்காலத் தமிழிலும் இவ்வடிவம் வழக்கத்தையும் எதிர்வையும் ஒருங்கே உணர்த்துகிறது. “அவர் காலையில் நடப்பார்” என்பது பழக்கத்தையும் குறிக்கும், நாளைய நிகழ்ச்சியையும் குறிக்கும். -உம் ஏற்ற பெயரெச்சத்திலும் இவ்விரு பொருளும் உறைகின்றன.

நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடிய கண்ணாடி வில்லையின் முன் மூவர் புத்தகம் விரித்திருந்தனர் என்பதே படம் தரும் செய்தி. “மரத்தடியில் படிக்கும் மாணவர்கள்” என்ற குறிப்பு அம்மூவரை மலையோடும் ஞாயிற்றோடும் ஒரே இலக்கண வரிசையில் நிறுத்துகிறது. படிப்பது அவர்களுடைய இயல்பாகிறது. மரத்தடி அவ்வியல்புக்குரிய நிலையான இடமாகிறது. மூவர் என்ற எண் மறைந்து, ‘மாணவர்கள்’ என்ற இனப்பெயர் மட்டும் எஞ்சுகிறது. திறனாய்வாளர் பின்னர் வந்து, இப்படத்தில் கல்வியின் என்றுமுள தன்மை புலப்படுகிறது என்று எழுதும்போது, அவர் படத்தை விளக்குவதாக எண்ணிக்கொண்டு பெயரெச்சத்தை விளக்குகிறார்.

இதற்கு ஒரு தடை கூறப்படலாம். இக்கால எழுத்துத் தமிழில் செய்யும் என்பது செய்கிற என்பதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டுவிட்டது. நடைச் சிறப்புக்காகவே எழுத்தாளர் அதனைத் தேர்கின்றனர். காலப் பொருள் வேறுபாடு கருதி அன்று என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. “இங்கே காணப்படும் கல்வெட்டு” என்பதற்கும் “காணப்படுகிற கல்வெட்டு” என்பதற்கும் பொருளில் வேறுபாடு காண்பது அரிது. ஆனால், ஒரு வடிவம் இரு பொருளுக்கு இடம் தரும்போது சூழல் எப்பொருளை உந்துகிறது என்று பார்ப்பதே முறை. உரைநடைத் தொடரில் முன்னும் பின்னும் உள்ள முற்றுவினைகள் காலத்தை வரையறுக்கின்றன. படக்குறிப்பிலோ முற்றுவினை இல்லை, பெயர்த்தொடரோடு முடிகிறது. நாளும் இடமும் அச்சிடப்படாத நிலையில், வாசகரைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லாமையால் பொதுமைப் பொருளே மேலோங்குகிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது நடைமுறைச் சிக்கலாகிறது. ஆங்கிலப் படக்குறிப்புகளில் பயிலும் -இங் ஈற்று எச்சமும் காலம் காட்டாததே. எனினும் அது தொடர்ந்து நிகழும் செயலை, பார்க்கும் அந்தக் கணத்தில் முடிவுறாத செயலை, முன்னிறுத்துகிறது. வழக்கத்தைக் கூற ஆங்கிலம் பொதுவாக வேறு தொடரமைப்பை நாடும். அக்குறிப்பைத் தமிழில் ‘படிக்கும்’ என்று பெயர்த்தவுடன், நிகழ்ந்துகொண்டிருக்கும் செயல் வழக்கமாகிவிடுகிறது. ‘படித்துக்கொண்டிருக்கும்’ என்றால் ஓரளவு ஈடு செய்யலாம். ஆனால் குறிப்பு நீண்டுவிடுகிறது என்று பதிப்பாசிரியர் அதனைக் குறைத்துவிடுவதுண்டு. இரண்டு அங்குல இடத்துக்காக ஒரு வினைக்கூறு இழக்கப்படுகிறது. எண்ணையேனும் காத்தல் எளிது: “மரத்தடியில் மாணவர் மூவர்” என்ற குறிப்பு சொற்சுருக்கமும் உடையது, படம் காட்டாத எதையும் கூறாததும் ஆகும்.

முன்னர்க் கூறிய இருவகைத் தொடர்களின் பங்கீடும் நோக்கத்தக்கது. பெயரும் பதவியும் உடையவர் முற்றுவினை பெறுகின்றனர்: திறந்துவைக்கிறார், பரிசு வழங்குகிறார், உரையாற்றுகிறார். பெயர் குறிக்கப்படாதவர் பெயரெச்சம் பெறுகின்றனர்: நாற்று நடும் பெண்கள், வளாகத்தைத் தூய்மை செய்யும் பணியாளர், உணவு பரிமாறும் ஊழியர். விதிவிலக்குகள் உண்டு, ஆயினும் போக்கு இதுவே. முன்னவர்க்கு நேர்வன நிகழ்ச்சிகள். பின்னவர்க்கு இருப்பன இயல்புகள். ஒரு துணைவேந்தர் ஒருநாள் ஒரு மரக்கன்று நட்டால் அது அந்நாளுக்குரிய நிகழ்ச்சியாகப் பதிவாகிறது. அதே படத்தின் ஓரத்தில் துடைப்பத்தோடு நிற்கும் பெண் குறிப்பில் இடம்பெற நேர்ந்தால், அவர் எக்காலத்தும் கூட்டிக்கொண்டே இருப்பவர் ஆகிறார். அக்கணத்தில் அவர் கூட்டுவதை நிறுத்திவிட்டு ஒளிப்படக் கருவியை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். படம் அதைக் காட்டவும் கூடும். குறிப்பு அதைக் காணவிடாது. அன்றாடக் காட்சியில் ஆழ்பொருள் தேடுவோர் உழைப்பின் மேன்மை முதலியவற்றைப் பேசுவது இவ்வகைப் படங்களைக் கொண்டே என்பதை நினைக்கும்போது, இது வெறும் இலக்கண நுட்பம் அன்று என்பது விளங்கும்.

மரத்தடி வகுப்பு

ஒரே காட்சி இரு குறிப்புகளால் எதிரெதிர்ப் பொருள் பெறுவதற்கு மரத்தடி வகுப்பின் ஒளிப்படத்தைவிடச் சிறந்த இந்திய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சாந்திநிகேதனில் இரவீந்திரநாத் தாகூர் 1901இல் ஐந்து மாணவர்களோடு தொடங்கிய பள்ளியில் மரத்தடியில் வகுப்பு நடத்துவது கல்விக் கொள்கையாகவே மேற்கொள்ளப்பட்டது. சுவர்களுக்குள் அடைபட்ட படிப்பின் மீது அவர் கொண்ட வெறுப்பு யாவரும் அறிந்தது. அப்பள்ளி 1921இல் விசுவபாரதியாக விரிந்தது. 1951இல் நடுவண் பல்கலைக்கழகம் ஆயிற்று. 2023இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இத்தனை ஆண்டுகளில் அந்த இடத்தின் அடையாளமாக நிலைத்துவிட்டது, மாந்தோப்பு நிழலில் ஆசிரியரைச் சுற்றி அரைவட்டமாகத் தரையில் அமர்ந்த மாணவர்களின் படம்.

இனி அதே காட்சியைச் சிற்றூர்த் தொடக்கப் பள்ளி ஒன்றில் எண்ணிப் பார்க்கலாம். மரம், நிழல், தரையில் அமர்ந்த சிறுவர், நடுவில் ஆசிரியர். செய்தித்தாளில் இப்படம் வெளிவந்தால் பள்ளிக்குக் கட்டடம் இல்லை என்பதே அதன் பொருள். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் நடைமுறைக்கு வந்த கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற இரண்டு அறைகளேனும் இருத்தல் வேண்டும், இரண்டு ஆசிரியரேனும் இருத்தல் வேண்டும், அவர்களுள் ஒருவர் இயன்றவரை பெண்ணாக இருத்தல் வேண்டும் என வரையறுத்தது. அத்தகைய திட்டத்துக்குத் தேவை இருந்தது என்பதற்குச் சான்றாகும் படம், சாந்திநிகேதனில் அத்தேவையையே கடந்த கல்வியின் படமாகிறது. ஒன்றில் சுவர் விலக்கப்பட்டது. மற்றொன்றில் சுவர் வழங்கப்படவில்லை. எதிர்மறையைக் காட்ட இயலாத ஒளிப்படம் இவ்விரு ‘இன்மை’களையும் வேறுபடுத்த இயலாமல் நிற்கிறது. “மரத்தடியில் பயிலும் மாணவர்கள்” என்ற குறிப்பு இரண்டுக்கும் பொருந்தும். பொருந்துவதாலேயே இரண்டையும் மறைக்கும். சிற்றூர்ப் பள்ளியின் படத்தை இக்குறிப்போடு ஒரு நாட்காட்டியில் அச்சிட்டால் வறுமை அழகாகிவிடும். இயற்கையோடு இயைந்த கல்வி என்று அதற்கு உட்பொருள் காணவும் ஒருவர் முன்வருவார்.

ஒளி உண்டாகுக

இச்சிக்கல் இந்திய மொழிகளுக்கோ வறிய நாடுகளுக்கோ மட்டும் உரியதன்று. வளாக அன்றாட வாழ்வைப் பெருந்திட்டமாகவே ஒளிப்படமாக்கிய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினுடையது. 1968இல் வரவிருந்த நூற்றாண்டு விழாவை முன்னிட்டு, அப்பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் 1963இல் இப்பணியை ஆன்சல் ஆடம்சிடம் ஒப்படைத்தார். மலையையும் பாறையையும் படமெடுத்துப் புகழ்பெற்றவர் ஆடம்ஸ். ஒன்பது வளாகங்களிலும் வேளாண் நிலையங்களிலும் வானாய்வகத்திலும் ஆய்வகங்களிலும் நூலகங்களிலும் அவர் 6,000க்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். நான்சி நியூஹால் எழுதிய உரையோடு நூல் 1967இல் வெளிவந்தது. பல்கலைக்கழகத்தின் குறிக்கோள் தொடராகிய ‘ஒளி உண்டாகுக’ என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரே நூலின் தலைப்பு. தலைப்பு வியங்கோளாக அமைந்தது பொருத்தமே. கடந்த நூறாண்டின் பதிவைவிட வரப்போகும் காலத்தின் காட்சியையே கெர் விரும்பினார்.

ஆனால் படங்கள் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே பெர்க்கிலி வளாகம் கலங்கியது. 1964 அக்டோபர் 1 அன்று, வளாகத்தில் அரசியல் பரப்புரைக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்த ஒருவரைக் கைது செய்து ஏற்றிய காவல் வண்டியை ஸ்ப்ரௌல் சதுக்கத்தில் மாணவர்கள் சூழ்ந்து அமர்ந்தனர். வண்டி 32 மணி நேரம் நகர இயலவில்லை. அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் நிருவாகக் கட்டடத்துள் அமர்ந்து போராடிய ஏறத்தாழ 800 பேர் கைதாயினர். 1967 சனவரியில் கெர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நூலோ அமைதியும் நம்பிக்கையும் நிறைந்த பல்கலைக்கழகத்தைக் காட்டுகிறது என்பது அதன்மீது கூறப்படும் குறை.

இக்குறை நியாயமானதே, ஆயினும் முழுமையும் ஆடம்சின் மேல் சுமத்தத்தக்கதன்று. சதுக்கத்தைக் கடந்து வகுப்புக்குச் செல்லும் மாணவர்களை 1963இலும் படமெடுக்கலாம், 1964 நவம்பரிலும் படமெடுக்கலாம். கிளர்ச்சிக்கு நடுவிலும் மாணவர் வகுப்புக்குச் செல்லவே செய்தனர். இரண்டு படங்களும் ஒன்றுபோல் தோன்றும். ஆண்டு அச்சிடப்பட்டால் இரண்டாம் படம் வேறு பொருள் பெறும். அதே நடையில் தயக்கத்தையோ விரைவையோ வாசகர் தேடத் தொடங்குவார். ஆண்டை விலக்கினால் இரண்டும் ‘செல்லும் மாணவர்கள்’ ஆகிவிடும். இந்நூலைத் தமிழில் பெயர்ப்பவர் எவரேனும் இருப்பின், படங்களுக்கு எழுதும் ஒவ்வொரு -உம் ஈற்றுப் பெயரெச்சமும் கெர் விரும்பிய எதிர்காலத்துக்கு வலு சேர்க்கும். வழக்கமும் எதிர்வும் ஒரே உருபில் உறையும் மொழி, விளம்பரத் தொகுப்புக்கு இவ்வாறு எதிர்பாராத உதவி செய்கிறது. கல்வி நிறுவனங்களின் தகவல் கையேடுகளைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு இது நன்கு விளங்கும்: சிரித்துப் பேசும் மாணவர்கள், ஆய்வு செய்யும் மாணவர்கள், சேரப்போகும் மாணவரும் அவ்வாறே சிரித்து ஆய்வு செய்வார் என்பதே அக்குறிப்புகளின் வாக்குறுதி.

உள்ளுறையும் துறைக்குறிப்பும்

ஒளிப்படத்தின் உட்பொருளை விளக்கத் தமிழ்க் கவிதையியலின் உள்ளுறையையும் இறைச்சியையும் துணைகொள்ளும் ஆர்வம் இயல்பானது. அகப்பாடலில் வரும் குரங்கும் நாரையும் வெளிப்படையாகத் தம்மையே குறித்து, உள்ளே தலைவனையும் தலைவியையும் குறிப்பது போல, வளாகப் படத்தில் வரும் மரமும் மிதிவண்டியும் வேறொன்றைக் குறிக்கலாமே என்பது வாதம். ஒப்புமை கவர்ச்சியாக உள்ளது; ஆனால் பொருந்தவில்லை. உள்ளுறை பொருள் தருவதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒன்று, கவிஞனுக்கும் கேட்போர்க்கும் பொதுவான திணை மரபு. எக்கருப்பொருள் எவ்வுரிப்பொருளோடு இயையும் என்பதை இருசாராரும் முன்னரே அறிந்திருக்கின்றனர். மற்றொன்று கூற்று. அகப்பாடலில் ஒருவர் ஒருவரை நோக்கிப் பேசுகிறார். தலைவி தோழியிடம் சொல்லும் நாரையும் தோழி தலைவனிடம் சொல்லும் நாரையும் ஒரே பொருள் தருவதில்லை. வளாகப் படத்தில் திணை மரபும் இல்லை, கூற்றும் இல்லை. யார் யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத மிதிவண்டியில் உள்ளுறை காண்பது, திணையும் துறையும் அறியப்படாத ஓர் அடிக்கு உரை எழுதுவது போன்றது.

உண்மையில் ஒப்பிடத்தக்கது உள்ளுறை அன்று. அகப்பாடல்களின் கீழ்க் காணப்படும் துறைக்குறிப்பே. யார் கூற்று, யாரிடம், எந்நிலையில் என்பதை ஒரு வரியில் தரும் இக்குறிப்புகள் பாடலைப் பாடியோர் எழுதியவை அல்ல, பின்னர்த் தொகுத்தோரால் சேர்க்கப்பட்டவை என்பது அறிஞர் பலர் கருத்து. பாடலின் பொருளை ஒரு நிலையில் நிறுத்தும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. குறிப்பை மாற்றினால் அதே பாடலுக்கு வேறு உரை கூற இயலும் என்பதை உரைகாரரே சில இடங்களில் காட்டியுள்ளனர். பார்த் கூறிய பொருள்நிறுத்தத்தைத் தமிழ் மாணவர் நெடுங்காலமாகவே அறிந்திருக்கின்றனர் எனலாம்.

இவற்றின் வினை வடிவமே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. தலைவி தோழிக்குச் சொல்லியது, தோழி தலைவனுக்கு உரைத்தது என்ற அமைப்பிலேயே துறைக்குறிப்புகள் பெரிதும் அமைகின்றன. சொல்லியது, உரைத்தது, கூறியது என்பன இறந்தகால வடிவங்கள். அகப்பாடலின் மாந்தர் பெயரற்றவர், எக்காலத்துக்கும் உரியவர், சுட்டி ஒருவர் பெயர் கொள்ளப்பெறார் என்பது மரபு. அத்தகைய பொது மாந்தர்க்கும்கூடத் தொகுத்தோர் ‘தோழிக்குச் சொல்லும் தலைவி’ என்று எழுதவில்லை. ஒரு பொழுதில், ஒரு நிலையில், ஒருமுறை நிகழ்ந்த பேச்சாக அதனை வரையறுத்தனர். பொதுமை பாடலிலிருந்து எழட்டும், குறிப்பு அதனை முந்திக்கொண்டு சொல்லவேண்டா என்று கருதினர் போலும். இன்றைய படக்குறிப்பு இதற்கு நேர்மாறாக இயங்குகிறது. பெயரும் ஊரும் உடைய உண்மை மாந்தரைக் காட்டும் படத்துக்குப் பொதுமை வாய்பாட்டை முன்னரே சூட்டிவிடுகிறது.

செய்திருக்கிறது என்னும் வாய்பாடு

படத்திலிருந்து பொருள் கொள்வதே கூடாது என்பது இதனால் பெறப்படுவதில்லை. எவ்வகைப் பொருளைப் படம் அனுமதிக்கிறது என்பதே வினா. இதற்கு விடை காணத் தமிழிலேயே பொருத்தமான ஒரு வாய்பாடு உள்ளது.

பார்த் 1980இல் வெளியிட்ட இறுதி நூலில், ஒளிப்படத்தின் அடிப்படைத் தன்மை ‘அது இருந்தது’ என்னும் உறுதியே என்றார். வில்லையின் முன் அப்பொருள் இருந்தே தீரவேண்டும். ஓவியத்துக்கு இக்கட்டாயம் இல்லை. அவர் பயன்படுத்திய பிரெஞ்சுத் தொடரைத் தமிழாக்க முற்படுவோர் ‘இருந்தது’, ‘இருந்திருக்கிறது’ என்னும் இரண்டுக்கும் இடையில் தயங்க நேரும். பிரெஞ்சு வினையின் புறவடிவத்தைக் கண்டு இரண்டாவதைத் தேர்ந்தால் பொருள் மாறிவிடும். தமிழில் இருந்திருக்கிறது என்பது உறுதியைவிட உய்த்துணர்வையே மிகுதியும் காட்டுகிறது. காலையில் எழுந்து ஈர முற்றத்தைக் காண்பவர், “இரவு மழை பெய்திருக்கிறது” என்பார். மழையில் நனைந்து வந்தவர் அவ்வாறு கூறமாட்டார். “மழை பெய்தது” என்பார். தன்மை இடத்தில் “நான் பார்த்திருக்கிறேன்” என்பது பட்டறிவைக் கூறும் என்பதும் உண்மையே. ஆனால் படர்க்கையில் இவ்வடிவம் விட்டுச் சென்ற தடயத்திலிருந்து நிகழ்ச்சியை ஊகிக்கும் பயன்பாட்டையே பெரிதும் கொண்டுள்ளது. ஆகவே பார்த் கூறும் உறுதிக்கு ‘இருந்தது’ என்பதே தக்க பெயர்ப்பு.

எனினும் ஒதுக்கப்பட்ட மற்றை வடிவம் பயனற்றதன்று. அமெரிக்க மெய்யியலார் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் குறிகளை மூன்றாகப் பகுத்தபோது, புகை நெருப்பைக் காட்டுவது போலக் காரணத் தொடர்பால் பொருளைக் காட்டும் குறியைத் தனியே பிரித்தார். ஒளிப்படத்தையும் இவ்வகையில் சேர்த்தார். ஈர முற்றத்திலிருந்து மழைக்குச் செல்லும் அறிவும், படத்திலிருந்து நிகழ்ச்சிக்குச் செல்லும் அறிவும் ஒரே வகையின. தமிழ் இவ்வறிவுக்கெனவே ஒரு வினை வடிவத்தை வைத்திருக்கிறது. வளாகப் படத்தைப் படிப்பவர் தம் முதல் தொடர்களை இவ்வடிவில் எழுதிப் பார்த்தல் நன்று: கரும்பலகையின் மேற்பகுதி மட்டும் துடைக்கப்பட்டிருக்கிறது, கீழே எட்டாத அளவுக்கு மேசை இழுத்துப் போடப்பட்டிருக்கிறது, மிதிவண்டியின் பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கிறது. அறிவின் முடிவின்மைக்கும் விடைபெறுதலுக்கும் இதில் இடமில்லை. ஆனால் இத்தொடர்கள் வேறு எந்தப் படத்துக்கும் பொருந்தா.

மரத்தடி வகுப்பின் சிக்கலையும் இம்முறை ஓரளவு தீர்க்கிறது. ஆசிரியர் அமர்வதற்கென மரத்தைச் சுற்றி மேடை கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் படம் காட்டுமானால், இங்கு வகுப்பு நடப்பது தற்செயலும் அன்று, தவிர்க்க இயலாத நெருக்கடியும் அன்று என ஊகிக்கலாம். கட்டுவதற்குப் பணமும் எண்ணமும் இருந்தும் அறை கட்டாமல் மேடை கட்டியிருக்கின்றனர். அதற்கு மாறாக, கரும்பலகை அடிமரத்தில் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது, பின்னால் கூரை வேயாத சுவர் பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்றால் முடிவு வேறாகும். முதற்படத்துக்கு மட்டுமே ‘மரத்தடியில் பயிலும்’ என்ற வாய்பாடு உரியது. அப்போதும் மேடை அதற்குச் சான்றளித்த பின்னரே.

இவ்வகைப் படிப்பில் படத்துக்குள் அகப்பட்ட எழுத்துகளுக்குச் சிறப்பிடம் உண்டு. அறிவிப்புப் பலகை, சுவரில் எழுதிய தேர்தல் முழக்கம், கதவில் ஒட்டிய கைந்நகல் அறிவிப்பு ஆகியவை எம்மொழியில் உள்ளன, எது எதன்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது என்பன முகபாவங்களைவிட நம்பத்தக்க சான்றுகள். ஒளிப்படத் தொகுப்புகளை மொழிபெயர்ப்போர் குறிப்பை மட்டும் பெயர்த்துவிட்டு இவ்வெழுத்துகளைத் தொடாமல் விடுவது பொது வழக்கம். படம் எல்லா மொழியினர்க்கும் பொது என்ற எண்ணமே இதற்குக் காரணம். பின்புறச் சுவரில் உள்ள வாசகம் படிக்கப்படாத நிலையில், அதன் முன் நிற்கும் மாணவனின் முகத்தில் ‘எதிர்பார்ப்பு’ காணப்படுகிறது என்று எழுதுவது எளிதாகிவிடுகிறது.

வளாகப் படங்களுள் எவரும் உட்பொருள் தேடாத ஒரு வகை உண்டு. கல்வியாண்டின் இறுதியில் துறை முழுவதும் வரிசையாக நின்றும் அமர்ந்தும் எடுத்துக்கொள்ளும் குழுப்படமே அது. அதன் குறிப்பு மிக நீண்டது: அமர்ந்திருப்போர், நிற்போர் எனத் தலைப்பிட்டு, இடமிருந்து வலமாகப் பெயர்களும் பட்டங்களும் தரப்பட்டிருக்கும். இங்கும் நிற்போர், அமர்ந்திருப்போர் என எதிர்கால இடைநிலை பெற்ற வினையாலணையும் பெயர்களே வருகின்றன. ஒருநாள் ஐந்து நிமிடம் நின்றவர் என்றும் நிற்போர் ஆகின்றனர். ஆனால் பெயர்கள் உடன்வருவதால் பொதுமைப் பொருள் தலைதூக்குவதில்லை. சிரிப்பும் சோர்வும் எவர் முகத்தில் இருப்பினும் அவை அவரவர்க்கே உரியவையாக நிற்கின்றன.

இப்படங்களில் எண்ணிப் பார்ப்பவர்க்கு ஒன்று தட்டுப்படுவதுண்டு. பின்வரிசைக்குக் குறிப்பில் பதினைந்து பெயர்கள் இருக்க, படத்தில் பதினாறு பேர் நிற்பர். வரிசையின் ஓரத்தில், சற்று விலகி, துறையின் அலுவலக உதவியாளரோ ஆய்வக ஏவலரோ நின்றுகொண்டிருப்பார். அவரை நிற்கச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் எழுதும்போது விட்டிருக்கிறார்கள். இவ்விரண்டையும் படமும் குறிப்பும் சேர்ந்தே தெரிவிக்கின்றன. ஒன்று தனித்திருந்தால் தெரியாது. இத்தகைய படத்தை மறுபதிப்புச் செய்வோரும் மொழிபெயர்ப்போரும் பட்டியலை அப்படியே எழுத்துப்பெயர்த்துவிட்டு அமைவதே வழக்கம். பதினாறாம் இடத்தில் ‘பெயர் குறிக்கப்படாத ஒருவர்’ என்று சேர்ப்பதற்கு மூலத்தில் சொல் இல்லை. ஆனால் படத்தில் ஆள் இருக்கிறார்.